கதவு அடைத்த வீட்டிலும் தோழமை

கூட்டுறவு என்பது பணத்தைச் சேர்ப்பது மட்டுமன்று. மனிதரைச் சேர்ப்பதும் ஆகும். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடும் காலையில் நாலு பேர் கூடினால்தான் காரியம் நடக்கும். நாற்று நடும் வயலிலும் அப்படியே. வேலைக்காகக் கூடும் அந்த இடத்திலேயே நம் சுக துக்கங்களையும் பேசி விடுகிறோம். ஆதலால் வேலை நின்றுவிட்டால் பேச்சும் நின்றுபோகிறது. வீட்டை விட்டு வெளியே வர இயலாத நாட்களில் நண்பரோடு தொடர்பு அறாமல் காப்பது எங்ஙனம் என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

அனுபவம் கற்பித்தது

2020 மார்ச் 25 முதல் நாடெங்கும் 21 நாள் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. பின்னர் அது பலமுறை நீட்டிக்கப்பட்டது. நூல் வரவில்லை, நெய்த சேலைகள் விலைபோகவில்லை, விளைந்த காய்கறியைச் சந்தைக்குக் கொண்டுபோக வழியில்லை. பொருள் நஷ்டத்தோடு தனிமையும் சேர்ந்தது. உலக சுகாதார ஸ்தாபனம் அந்த மார்ச் மாதத்திலேயே ‘சமூக இடைவெளி’ என்பதற்குப் பதிலாக ‘உடல் இடைவெளி’ என்ற சொல்லைக் கையாளத் தொடங்கிற்று. உடல் விலகி இருக்கலாம், உள்ளம் விலகலாகாது என்பதே அதன் கருத்து.

ஊரடங்கு போய்விட்டது, ஆனால் அடைபட்டிருக்கும் நிலை போகவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் குழித்தறியில் நீர் ஊறினால் நெசவாளர் வீட்டிலேயே கிடக்கிறார். கால் முறிந்தவர், முதுமையால் நடை தளர்ந்தவர், படுக்கையில் உள்ள தாயைப் பேணும் பெண் ஆகியோருக்கு ஆண்டு முழுவதும் ஊரடங்குதான். உலகில் ஆறு பேரில் ஒருவரைத் தனிமை உணர்வு வாட்டுகிறது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் குழுவொன்று 2025-இல் தெரிவித்தது. ஆகவே இதைச் சிறு விஷயமென்று தள்ளுதல் தகாது.

நாம் செய்த பிழை

நம் கண்முன் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நாம் சேர்ந்துள்ள வாட்ஸ்அப் குழுவொன்றில் நூற்றுக்கு மேற்பட்டோர் உண்டு. விடிந்தால் பூப்படங்களும் ‘காலை வணக்கமும்’ வந்து குவியும். அதில் வயது முதிர்ந்த நெசவாளர் ஒருவர் மூன்று வாரம் ஒரு சொல்லும் எழுதவில்லை. எவரும் கவனிக்கவில்லை. பக்கத்துத் தெருக்காரர் தற்செயலாகப் போய்ப் பார்த்தபோது, பெரியவர் காய்ச்சலில் கிடந்து மெலிந்திருந்தார். அவருடைய செல்பேசியும் பழுதாகியிருந்தது. ‘வேறு யாராவது விசாரித்திருப்பார்’ என்று நாம் ஒவ்வொருவரும் எண்ணியிருந்தோம். கூட்டம் பெரிதானால் பொறுப்பு கரைந்து போகும் என்பதை அன்று உணர்ந்தோம். படம் அனுப்புவது வேறு, நலம் விசாரிப்பது வேறு.

கைக்கொள்ளத்தக்க முறைகள்

முதலாவது, சிறு வட்டம். ஐந்தாறு பேர் சேர்ந்தால் ஒவ்வொருவருக்கும் பேச இடம் கிடைக்கும். 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் கூட்டு அழைப்பில் நால்வர் என்றிருந்த வரம்பு எண்மராயிற்று. 2022-இல் அது முப்பத்திரண்டாயிற்று. எண்ணிக்கைக்கு இடமிருக்கிறது என்பதற்காக அத்தனை பேரையும் கூட்டினால் நால்வர் பேச, மற்றவர் கேட்டுக்கொண்டிருப்பர்.

இரண்டாவது, குறித்த நாளும் நேரமும். ‘ஓய்வு கிடைத்தால் பேசுவோம்’ என்றால் ஓய்வு ஒருநாளும் கிடைப்பதில்லை. வாரம் ஒரு நாள், விளக்கு வைத்தபின் அரை மணி என்று முடிவு செய்துகொள்ளலாம். சந்தைக்கு நாள் இருப்பதுபோல் நட்புக்கும் நாள் இருக்கட்டும்.

மூன்றாவது, எழுத்தைவிடக் குரல் மேல். எழுத்தில் ‘நலம்’ என்று எவரும் எழுதிவிடுவர். குரலின் சோர்வு மறைவதில்லை. பார்வை மங்கியவருக்கும் எழுதப் படிக்கக் கூச்சப்படுபவருக்கும் குரல்பதிவு அனுப்பலாம். காட்சி அழைப்பு தரவை மிகுதியாகச் செலவழிக்கும். சிக்கனம் வேண்டுவோர் குரல் அழைப்போடு நிற்கலாம்.

நான்காவது, பேச ஒரு பொருள். ‘சாப்பிட்டாயிற்றா’ என்பதோடு பேச்சு முடிந்துவிடாமலிருக்க, புதிதாக நெய்த கரையைக் காட்டலாம்; பூச்சி விழுந்த இலையைப் படமெடுத்து யோசனை கேட்கலாம். தன்னிடம் யோசனை கேட்கப்படும்போது, வீட்டோடு கிடக்கும் முதியவர் தாம் இன்னும் உபயோகமுள்ளவர் என்று தெம்பு பெறுகிறார். இதைவிடச் சிறந்த மருந்து அரிது.

ஐந்தாவது, கருவி இல்லாதவரை மறவாமை. சாதாரணச் செல்பேசி மட்டுமே உள்ளவரை வழக்கமான தொலைபேசிக் கூட்டழைப்பில் சேர்க்கலாம். அதுவும் இயலாவிடில் அண்டை வீட்டு இளைஞர் தம் கருவியை எடுத்துச் சென்று பத்து நிமிஷம் பேச வைக்கலாம்.

எச்சரிக்கை

பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு விதித்தது. வதந்தியின் வேகமே அதற்குக் காரணம். மெய் என்று தெரியாததை அனுப்பாதிருத்தல் நட்புக்குச் செய்யும் மரியாதை. நண்பரின் படத்தை வைத்துக்கொண்டு அயலான் அவசரமாகப் பணம் கேட்பதுண்டு. உடனே அனுப்பாமல், நாம் முன்பே அறிந்த எண்ணில் நண்பரை அழைத்துக் குரலைக் கேட்டறிய வேண்டும். ஓ.டி.பி. எண்ணை எவருக்கும் சொல்லலாகாது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் 1930 என்ற எண்ணுக்குத் தாமதமின்றி அறிவிக்க வேண்டும். நண்பரின் பேச்சில் வாழ்க்கையே வெறுத்த தொனி தெரிந்தால், அவரைத் தனியே விடாது, 14416 என்ற மனநல உதவி எண்ணில் பேச வைப்பது நம் கடமை.

முடிவுரை

செல்பேசி ஒரு தறியைப் போன்றது. தறி தானாக நெய்வதில்லை; நாடா ஓட வேண்டும், கை அசைய வேண்டும். ஒவ்வோர் அங்கத்தினரும் ஐந்து பெயர்களைத் தம் பொறுப்பில் எழுதிக்கொள்வாராக. வாரம் ஒருமுறை அந்த ஐவரின் குரலைக் கேட்பாராக. குரல் கேளாத வாரத்தில் வீட்டுக்கே ஆள் அனுப்புவாராக. கதவு திறந்து நேரில் காணும் நாள் வருமட்டும் இந்த இழை அறாதிருந்தால் போதும்.

வட்டத்தில் விவாதிக்க

1. நம் சங்கத்தில் வீட்டை விட்டு வெளிவர இயலாத அங்கத்தினர் யாவர்?

2. அவர்களுள் செல்பேசி இல்லாதவர் எத்தனை பேர்? அவர்களுக்கு உதவும் இளைஞர் யார்?

3. கடந்த ஒரு மாதமாகப் பேச்சு மூச்சில்லாமல் இருப்பவர் எவர்? அவரை இன்று அழைக்கப் போவது யார்?