காணொலிக் கூட்டமும் மடிக்கணினியின் இரைச்சலும்

சில ஆண்டுகளுக்கு முன் நம் வட்டாரத்தில் கோடைக் காலத்தில் நிகழ்ந்த ஒன்றை முதற்கண் கூற விரும்புகின்றோம். குடிநீர் நிலைமையைப் பற்றிக் காணொலி வாயிலாக ஒரு கூட்டம் நடைபெற்றது. ஊராட்சித் தலைவர் ஒருவர் தம் அலுவலக மடிக்கணினியின் முன் அமர்ந்து, மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டார் எரிந்துபோன செய்தியைத் தெளிவாகவே எடுத்துரைத்தார். மறுமுனையில் கேட்டதோ வெறும் இரைச்சல். "சரி, அடுத்த ஊராட்சி" என்று கூட்டம் நகர்ந்துவிட்டது. குறை பதிவாகவில்லை. மாற்று மோட்டார் வந்து சேர நான்கு நாட்கள் கூடுதலாயின. அந்நான்கு நாட்களும் அவ்வூர்ப் பெண்மக்கள் குடத்துடன் வயற்கிணற்றுக்கு நடந்தனர்.

பின்னர் நாம் நேரில் சென்று பார்த்தபொழுது, கணினியில் பழுது யாதும் இல்லை என்பது தெரிந்தது. பழுது அறையிலும் சுவரிலிருந்த பிளக்கிலும் இருந்தது.

முதலில் செய்யத்தக்கது ஒரு சோதனை. கணினியிலுள்ள ஒலிப்பதிவுச் செயலியில் அரை நிமிடம் பேசிப் பதிவு செய்து, திரும்பக் கேட்க வேண்டும். பதிவு தெளிவாக இருந்து, கூட்டத்தில் மட்டும் குரல் அறுந்து அறுந்து கேட்குமாயின் குறை பெரும்பாலும் இணைய இணைப்பில் உள்ளது. மைக்கைக் குறை கூறிப் பயனில்லை. பதிவிலேயே இரைச்சல் இருப்பின் மேலே செல்லலாம்.

மடிக்கணினியின் மைக் திரையின் விளிம்பிலோ விசைப்பலகையின் அருகிலோ ஊசித்துளை அளவில் அமைந்திருக்கும். அதற்கு வேண்டிய ஒலி, வேண்டாத ஒலி என்ற பாகுபாடு தெரியாது. பேசுபவர் ஒரு முழத்திலிருந்து இரண்டு முழத்துக்கு விலகினால், அதை அடையும் குரலின் அழுத்தம் ஏறக்குறையப் பாதியாகிறது. தலைக்கு மேல் சுழலும் விசிறியின் ஓசையோ சிறிதும் குறைவதில்லை. நம் அன்பர்கள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக் கம்பீரமாக அமர்வதில் விருப்பமுடையவர்கள். காணொலிக் கூட்டத்துக்கு அது ஒவ்வாது. பேசும்பொழுது விசிறியை நிறுத்தி, அருகில் அமர வேண்டும். வெற்றுச் சுவர்களும் கான்கிரீட் கூரையும் உள்ள அறையில் குரல் எதிரொலிக்கும். ஒரு ஜமக்காளத்தை விரித்து, சன்னலில் கனத்த திரை தொங்கவிட்டாலே ஓரளவு அடங்கும்.

இனி, 'உம்ம்' என்று இடைவிடாது ஒலிக்கும் இரைச்சலைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் கணினியை இயக்கிப் பாருங்கள். இரைச்சல் நின்றுவிட்டால், குற்றம் சார்ஜரிலோ மின்சார வழியிலோ இருக்கின்றது. நம் மின்னோட்டம் வினாடிக்கு 50 சுற்றுகளாகத் திசை மாறி மாறிச் செல்வது. எர்த்து சரியாக இல்லாத இடத்தில் அதன் சிறு கசிவு கணினியின் உடலில் தங்கி, மைக்கினுள் முனகலாகப் புகுந்துவிடும். உலோக உடலுள்ள கணினியைத் தொட்டால் விரலில் மெல்லிய சுரசுரப்பு உண்டாவதும் இதனாலேயே. பம்புசெட்டு வைத்திருக்கும் விவசாயிகளுக்கு இது புதிதன்று; கோடையில் எர்த்துக் குழி வறண்டுவிடும் என்பதையும், அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதையும் அவர்கள் அறிவர். ஆனால் ஊராட்சி அலுவலகத்தின் எர்த்துக் குழியை நினைப்பவர் யார்? நாம் சென்று கண்ட ஊரில் அது குப்பைக்கு அடியில் கிடந்தது. மூன்று முனைப் பிளக்கின் எர்த்து முனையை ஒடித்துச் செருகும் வழக்கமும் அங்கே இருந்தது; அது இரைச்சலுக்கு மட்டுமன்று, உயிருக்கும் கேடு. இவ்வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே செய்வித்தல் வேண்டும். கூட்டம் நெருங்கிவிட்டதாயின், பேட்டரியை முன்னரே நிரப்பிக்கொண்டு சார்ஜரின்றிப் பேசுக.

கணினியின் ஒலி அமைப்பில் சிலவற்றில் 'மைக்ரோபோன் பூஸ்ட்' என்றொரு பகுதி உண்டு. அது 20, 30 டெசிபல் என்று உயர்ந்திருப்பின் குரலோடு சீறலும் பெருகும். 0 அல்லது 10 போதும். சூம் போன்ற செயலிகளிலுள்ள இரைச்சல் தடுப்பையும் பயன்படுத்தலாம். ஆயினும் அது சில வேளை தொலைவில் அமர்ந்து பேசும் உறுப்பினரின் குரலையும் விழுங்கிவிடும். ஒரே அறையில் இரண்டு கருவிகள் கூட்டத்தில் சேர்ந்திருந்தால் ஊளை உண்டாகும். ஒன்றின் மைக்கையும் ஒலிபெருக்கியையும் அடைத்துவிட வேண்டும். துளையிலுள்ள தூசியை மென்மையான தூரிகையால் துடைக்கலாம், ஊசியால் குத்துதல் கூடாது.

இத்தனைக்குப் பின்னும் சரியாகாவிடில், கம்பியுள்ள சாதாரண ஹெட்செட் ஒன்று வாங்குவது நன்று; அதன் மைக் வாயருகே இருப்பதால் விசிறியோசை தானே பின்னடையும்.

கூட்டத்துக்குக் கால் மணி முன்னதாக அண்டை ஊராட்சிச் செயலருடன் பேசிப் பார்த்துக்கொள்ளலாம். கூட்டத்தில் கூறிய குறையை அன்றே எழுத்திலும் அனுப்பி வைக்கக் கேட்டுக்கொள்கின்றோம்; நம் அலுவலகத்தில் அதற்கெனத் தனிக் கோப்பு ஒன்று தொடங்கியுள்ளோம்.