குறியறிந்து விரல் வைத்தல்

சில ஆண்டுகளுக்கு முன் உக்குவளையில் மாணவன் ஒருவன் பழைய ஆங்கிலப் பியானோப் பயிற்சிநூல் ஒன்றை என்னிடம் கொணர்ந்தான். "ஐயா, நூலிற் கண்டபடியே வாசிக்கிறேன், விரல்கள் பின்னிக்கொள்கின்றன. இவ்வித்தை எனக்கு வாராதோ?" என மனம் நொந்து வினவினான். நூலைப் புரட்டிப் பார்த்தேன். குறை அவன் கையில் இல்லை. குறியை உணர்ந்த வகையிலேயே இருந்தது.

இக்காலப் பியானோ நூல்கள் பெருவிரல் முதற் சிறுவிரல் ஈறாக 1 முதல் 5 வரை எண்ணிடும். பழைய ஆங்கில முறையிலோ பெருவிரலுக்கு + அல்லது × என்பதே குறி. 1 என்பது சுட்டுவிரல். எனவே வலக்கையால் ஏறுநிரல் வாசிக்கையில் 1 2 3 1 2 3 4 5 என நாம் எழுதுவதை, அந்நூல் + 1 2 + 1 2 3 4 என எழுதும். மாணவன் + குறியை அழுத்தி வாசித்தற்கு அடையாளம் என்றும், 1 என்பதைப் பெருவிரல் என்றும் கொண்டான். நான்காம் சுரத்தில் ஏனை விரல்களின்கீழ் நுழையவேண்டிய பெருவிரல் வேறிடத்தில் நின்றது. நூலில் + வந்து 5 எங்கும் வாராதாயின், அது பழைய முறை என்று துணியலாம்.

நம் இசைக்கும் இஃது ஒக்கும். எட்டயபுரத்துச் சுப்பராம தீட்சிதர் 1904ஆம் ஆண்டு தெலுங்கு எழுத்தில் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி'யில் கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகள் உள. அங்கே × என்பது ஒடுக்கல்: வீணையில் ஒரு மெட்டில் விரலை நிறுத்தித் தந்தியை இழுத்து மேற்சுரத்தை எழுப்புதல். இதனை அறியாதவன் இரு சுரங்களையும் இரு மெட்டுக்களில் வாசிப்பான். சுரம் பிழையாது, இராகத்தின் அசைவு மறையும். குறி ஒன்றே, பொருளோ நூலுக்கு நூல் வேறு.

குறி விளங்கிய பின்னரே விரலைத் தேர்தல் வேண்டும். அதற்கு மூன்று நெறிகள் கூறுவேன்:

1. சொற்கட்டு எச்சுரத்தில் முடிகிறது எனக் கண்டு, அங்கிருந்து பின்னோக்கி விரல்களை வகுத்துக்கொள்க.

2. ஏறுநிரல்களிற் பெருவிரலைக் கறுப்புக் கட்டையில் வைப்பதை இயன்றவரை தவிர்க்க.

3. தேர்ந்த விரலைப் பென்சிலாற் குறித்து, நாடோறும் அதனையே பயில்க. அச்சிட்ட விரலெண் பெரும்பாலும் பதிப்பாசிரியரின் யோசனையே. உன் கையின் அளவுக்கு ஒவ்வாதாயின் மாற்றலாம்.

அம்மாணவன் அன்று மாலையே அந்நிரலைத் தடையின்றி வாசித்தான். "உனக்கு வாராது" என ஒரு பிள்ளையிடம் சொல்லுமுன், ஆசிரியராகிய நாம் அவன் நூலின் முதற்பக்கங்களைத் திறந்து பார்ப்போமாக.