அவர்களும் நம்மில் ஒருவரே!



இந்த மாதச் சுவர் இதழுக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு ஆட்டிசம். ஏன் இந்தத் தலைப்பு என்று கேட்பீர்கள். கூடுவாஞ்சேரியில் இருக்கும் என் பெரியம்மா பையனுக்கு ஆட்டிசம் இருக்கிறது. அண்ணாவுக்கு இப்போது 19 வயது. செங்கல்பட்டு, பரனூர், சிங்கப்பெருமாள் கோயில், மறைமலை நகர் என்று தாம்பரம் வரைக்கும் எல்லா ஸ்டேஷனையும் ரயில் நேரத்தோடு ஒப்பிப்பார். ஆனால் "சாப்பிட்டியா?" என்று கேட்டால் "சாப்பிட்டியா?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்.

போன தீபாவளிக்கு அவர் பக்கத்தில் விளையாட்டாக ஒரு லட்சுமி வெடியைக் கொளுத்திப் போட்டேன். காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போனவர் ராத்திரி வரை வெளியே வரவில்லை. பெரியம்மா என்னைத் திட்டவில்லை. "அவனுக்கு அந்தச் சத்தம் வலிக்கும்டி" என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பெரியம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

ஆட்டிசம் என்றால் என்ன?

மூளை வளரும் விதத்தில் உள்ள வித்தியாசம்தான் ஆட்டிசம். இது தொற்று நோய் அல்ல. 1943ஆம் ஆண்டு அமெரிக்காவில் லியோ கேனர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைக் கவனித்து இதைப் பற்றி எழுதினார். தாய் பாசம் காட்டாததால் வருகிறது என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். அது தவறு என்று பின்னால் தெரிந்தது. தடுப்பூசியாலும் இது வருவதில்லை.

2021ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் சுமார் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்படியென்றால் ஆயிரம் பேர் படிக்கிற ஒரு பள்ளியில் ஏழெட்டுப் பேர் இருக்கலாம்! எல்லாரும் ஒரே மாதிரி இருக்க மாட்டார்கள். சிலருக்குப் பேச்சே வராது. சிலர் நன்றாகப் பேசுவார்கள், படிப்பார்கள். ஆனால் நண்பர்கள் கிடைக்க மாட்டார்கள்.

பள்ளியில் என்ன கஷ்டம்?

1. சத்தம்: மணி அடிப்பது, பெஞ்ச் இழுப்பது, பிரேயர் மைக் இதெல்லாம் நமக்குச் சாதாரணம். அவர்களில் பலருக்குத் தாங்க முடியாது.

2. பேச்சு: சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். "காதுல பூ சுத்தாதே" என்று சொன்னால் அண்ணா காதைத் தொட்டுப் பார்ப்பார்.

3. மாற்றம்: திடீரென்று பி.டி. பீரியடில் கணக்கு டீச்சர் வந்தால் நமக்குக் கோபம்தான் வரும். அவர்களுக்குப் பயமே வந்துவிடும்.

4. கேலி: இதுதான் பெரிய கஷ்டம். மற்ற மூன்றும் யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. இதை நாம் தெரிந்தே செய்கிறோம்.

பதினெட்டு வயதுக்கு அப்புறம்?

பள்ளிக்கூடத்தில் மணி, டைம் டேபிள், ஆசிரியர் எல்லாம் உண்டு. முடித்த பிறகு ஒன்றும் இல்லை. பெரியம்மா சொன்னது: "ஸ்கூல் முடிஞ்சு ஒரு வருஷம் ஆச்சு. இன்னமும் சில நாள் யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு வாசல்ல வந்து நிக்கிறான்." இதைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது.

வேலைக்குப் போனாலும் இன்டர்வியூவில் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும் என்கிறார்கள். வேலை தெரிந்தும் அங்கேயே தோற்றுவிடுகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் சேர்க்கப்படவில்லை. 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. 18 வயதைத் தாண்டியும் துணை தேவைப்படுகிறவர்களுக்குச் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்க இதில் வழி உண்டு. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் 21 வகைகளில் ஒன்றாக ஆட்டிசமும் சேர்ந்தது. அதன்படி 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு உள்ள பிள்ளைகளுக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு. ஆனால் அதில் 1 சதவீதத்தை ஆட்டிசத்தோடு வேறு சில வகையினரும் சேர்ந்து பங்கிட வேண்டும்.

நம் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே முட்டுக்காட்டில், பல்வகைத் திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. 2005இல் தொடங்கியது. பல பேருக்கு இது தெரியாது.

உங்களுக்குத் தெரியுமா?

மும்பையைச் சேர்ந்த ஜியா ராய்க்கு ஆட்டிசம் உண்டு. 2022 மார்ச் 20ஆம் தேதி இலங்கையின் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை சுமார் 29 கிலோமீட்டர் தூரத்தை 13 மணி 10 நிமிடத்தில் நீந்திக் கடந்தார். அப்போது வயது 13. நம்ம வயசுதான்!

ஆனால் எல்லாரும் சாதனை செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. சாதிக்காதவருக்கும் ஒரு நண்பன் வேண்டும்தானே?

நாம் என்ன செய்யலாம்?

* பட்டப்பெயர் வைக்காதீர்கள்.
* சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். பதில் வரும் வரை காத்திருங்கள்.
* தொடுவதற்கு முன் கேளுங்கள்.
* காதைப் பொத்தினால் சிரிக்காமல் சத்தத்தைக் குறையுங்கள்.
* மதியம் சாப்பிடும்போது பக்கத்தில் உட்காருங்கள். பேசாவிட்டாலும் பரவாயில்லை.

இந்தத் தீபாவளிக்குப் பெரியம்மா வீட்டில் வெடி கிடையாது. கம்பி மத்தாப்பு மட்டும்தான். அண்ணாவும் ஒன்று கொளுத்துவதாகச் சொல்லியிருக்கிறார். நானும் போகிறேன்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி