ஒரு லிட்டர் தண்ணீரில் ஏரியின் கதை

கேள்வி: வலை வீசாமலே, கொஞ்சம் தண்ணீரை மொண்டு வந்து ஏரியில் என்னென்ன மீன் இருக்கிறது என்று சொல்லிவிடலாமாமே? நிஜமா, கதையா?

பதில்: நிஜம்தான். மீனோ தவளையோ சும்மா இருப்பதில்லை. செதில், சளி, கழிவு என்று எதையாவது நீரில் விட்டுக்கொண்டே இருக்கும். அதிலெல்லாம் அதன் டி.என்.ஏ. இருக்கும். நீரை நுண்துளை வடிதாளில் வடிகட்டி, தங்கியதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, பி.சி.ஆர். முறையில் பெருக்கி, அதன் வரிசையைத் தெரிந்த இனங்களின் டி.என்.ஏ. வரிசையோடு ஒப்பிடுவார்கள்.

ஓர் உதாரணம்: ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் ராட்சத ஊர்வன போன்ற 'பூதம்' இருப்பதாக நெடுநாள் பேச்சு. 2018-ல் நியூசிலாந்து விஞ்ஞானி நீல் கெம்மல் குழு அங்கே சுமார் 250 நீர் மாதிரிகள் எடுத்தது. ஊர்வனவற்றின் டி.என்.ஏ. சிக்கவே இல்லை. விலாங்கு மீனுடையதோ ஏராளம்! உடனே, பூதம் 'ராட்சத விலாங்கு'தானோ என்று பேச்சு கிளம்பிவிட்டது. ஆனால், டி.என்.ஏ. உருவத்தின் அளவைச் சொல்லாது. எத்தனை மீன் என்றும் துல்லியமாகச் சொல்லாது. ஆறாக இருந்தால், மேலிருந்து அடித்து வந்ததாகவும் இருக்கலாம்.

எந்த இனம் என்று அறிய இது அருமையான வழி. எத்தனை, எவ்வளவு பெரிது என்பதற்கு இன்னமும் வலை போன்ற வேறு வழிகள்தான் வேண்டும்.