நிறத்தை அப்புறம் பார், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

கோத்தகிரியிலிருந்து நீ அனுப்பிய பட்டியல் கிடைத்தது. பல வரிகளில் ‘ஆரஞ்சு நிறப் பறவை’ என்று மட்டும் எழுதி, பெயரை விட்டிருக்கிறாய். தெரியாததற்கு வாய்க்கு வந்த பெயர் வைக்காதது நல்ல பழக்கம். ஆனால் நீலகிரியில் ஆரஞ்சைப் பூசிக்கொண்ட பறவைகள் பல உண்டு. நிறத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் தேறாது.

முதலில், பறவை காட்டின் எந்தத் தட்டில் இருக்கிறது என்று பார். மர உச்சியில் கூட்டமாகத் தாவிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் ஆரஞ்சு மின்சிட்டு. ஆணின் தலை கறுப்பு, அடிப்பக்கம் தீ நிறம். கூடவே சாம்பலும் மஞ்சளுமாகப் பெண்கள் பறந்தால் சந்தேகம் தீர்ந்தது.

தரையில் சருகைக் கிளறினால் செந்தலைப் பூங்குருவியாக இருக்கலாம். தலையும் மார்பும் ஆரஞ்சு, முதுகு நீலச் சாம்பல். தென்னிந்தியாவில் இருப்பதற்கு வெள்ளைக் கன்னத்தில் இரண்டு கருங்கோடுகள் மேலிருந்து கீழாக இறங்கும். பைனாகுலரை முதலில் கன்னத்துக்குத் திருப்பு.

சோலையின் இருண்ட அடிப்புதரில், தாழ்ந்த குச்சியில் தனியாக உட்கார்ந்திருந்தால் கருப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பானைத் தேடு. ஆணுக்குத் தலையும் இறக்கையும் கறுப்பு. முதுகு, மார்பு, வால் எல்லாம் ஆரஞ்சு. பெண்ணுக்குத் தலை கறுப்பில்லை, மங்கிய பழுப்பு. மதராஸ் ராணுவ மருத்துவரான ஜெர்டன் 1839-இல் அறிவியல் பெயர் சூட்டிய பறவை இது. தென்மேற்கு இந்தியாவின் இந்த மலைகளை விட்டால் உலகில் வேறெங்கும் இது கிடையாது.

தட்டு தெரிந்த பிறகு, ஆரஞ்சு எங்கே முடிகிறது என்று பார். டிக்கெல் நீல ஈப்பிடிப்பானுக்குத் தொண்டையிலும் மார்பிலும் ஆரஞ்சு, வயிறு வெள்ளை, முதுகு நீலம். சிக்கல் குளிர்காலத்தில்தான். செம்மார்பு ஈப்பிடிப்பானும் இமயத்திலிருந்து வரும் காஷ்மீர் ஈப்பிடிப்பானும் எவரையும் குழப்பும். காஷ்மீர் ஆணுக்கு ஆரஞ்சு விலாவரை பரவும்; கழுத்திலும் மார்பிலும் அதன் ஓரத்தைக் கறுப்புக் கரை வளைத்திருக்கும். மற்றதற்கு அந்தக் கரை இல்லை. வாலடி வெள்ளை இரண்டுக்கும் உண்டு, அதை வைத்து முடிவு செய்யாதே. பெண் பறவையும் இளம் பறவையும் இதைவிடச் சிரமம். ‘ஈப்பிடிப்பான், இனம் உறுதியில்லை’ என்று எழுதக் கூச்சப்படாதே. காஷ்மீர் ஈப்பிடிப்பான் அழியும் அபாயத்தில் உள்ள பறவை, தப்பான பதிவு அதன் கணக்கையே கெடுக்கும்.

வெளிச்சத்தையும் குறித்துக்கொள். எதிர்வெயிலில் ஆரஞ்சு கறுத்துப்போகும். சாயங்கால வெயிலில் பழுப்பும் ஆரஞ்சாக மின்னும். கேமராவும் இதே பொய்யைத்தான் சொல்லும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நல்ல படம் கிடைக்கும் என்று செல்போனில் குரலைப் போட்டுப் பறவையை வெளியே இழுக்காதே. கருப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பான் தரையை ஒட்டிய புதரில் கூடு கட்டும். கூடு மிதிபடாமலிருக்க, கோடையில் சோலைக்குள் போனால் பாதையை விட்டு இறங்காதே. உன் கூட வருபவர்களையும் இறங்க விடாதே.

அன்புடன்,
உன் அண்ணன்