தெரிந்த கணக்குதான், ஆனாலும் ரிஜெக்ட்!

கேள்வி: ஆறு வருடமாக ஜாவாவில் வேலை பார்க்கிறேன். போன மாதம் ஒரு பெரிய நிறுவனத்தில் ஆன்லைன் இன்டர்வியூ. ஒரு பட்டியல் நிறைய எண்கள். எந்த இரண்டைக் கூட்டினால் கேட்ட தொகை வரும் என்று புரோகிராம் எழுதவேண்டும். தெரிந்த கணக்குதான். ஆனால் ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்ததில் கை ஓடவில்லை. கடைசியில் எப்படியோ எழுதி ஓட்டியும் காட்டினேன். ஆனாலும் ரிஜெக்ட். என்னதான் பார்க்கிறார்கள்?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: கை ஓடாதது உங்களுக்கு மட்டும் நேர்வதில்லை. அமெரிக்காவின் நார்த் கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 2020இல் ஒரு ஆய்வு வெளியிட்டன. 48 மாணவர்கள். பாதிப்பேர் தனி அறையில், மீதிப்பேர் ஆள் பார்க்க, போர்டில் புரோகிராம் எழுதினார்கள். ஆள் பார்க்க எழுதியவர்களின் திறன் பாதிக்கும் கீழே போய்விட்டது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் இந்தத் தேர்வு திறமையோடு பதற்றத்தையும் சேர்த்தே அளக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கேட்பவர் இன்டர்வியூ முடிந்ததும் குறிப்பு எழுதவேண்டும். பல இடங்களில் முடிவெடுப்பவர்கள் உங்களைப் பார்த்ததே இல்லை, அந்தக் குறிப்பைத்தான் படிக்கிறார்கள். நீங்கள் வாய் திறக்காமல் எழுதி முடித்தால், ‘புரோகிராம் ஓடியது’ என்பதற்கு மேல் அவர் எழுத ஒன்றும் இருக்காது.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். முதலில் கேளுங்கள்: மைனஸ் எண்கள் உண்டா? ஒரே எண் இரண்டு தடவை வருமா? ஜோடியே இல்லையென்றால் எதைத் திருப்பித் தருவது? பிறகு, இரண்டு லூப் போட்டால் விடை வரும், ஆனால் ஒரு லட்சம் எண்களுக்குச் சுமார் 500 கோடி ஜோடிகளைப் பார்க்கவேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டு ஹாஷ்மேப்புக்கு வாருங்கள். அதிலும் ஒரு குழி இருக்கிறது. பட்டியல் 3, 5, 8, தொகை 6. எல்லா எண்களையும் முதலிலேயே மேப்பில் போட்டுவிட்டுத் தேடினால் 3 தன்னையே ஜோடியாகப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு எண்ணுக்கும் முதலில் தேடு, அப்புறம் போடு. எழுதி முடித்ததும் இந்தப் பட்டியலை நீங்களாகவே ஓட்டிக் காட்டினால் அவர் பேனாவை எடுப்பார்.

இன்னொன்று. ஆறு வருட அனுபவத்துக்கு இந்தச் சுற்று மட்டும் போதாது. சிஸ்டம் டிசைன் சுற்றில்தான் பெரும்பாலும் உங்கள் லெவலே முடிவாகும். சோஹோ போன்ற இடங்களில் ரயில் டிக்கெட் புக்கிங் மாதிரி ஒரு சின்ன அப்ளிகேஷனையே சில மணி நேரத்தில் எழுதச் சொல்வார்கள். தினசரி வேலைக்கு அதுதான் நெருக்கம். என்னைக் கேட்டால் எல்லோரும் அப்படிக் கேட்கலாம்.

பயிற்சிக்கு லீட்கோடில் முந்நூறு கணக்கு போட்டுத் தள்ளவேண்டாம். வீட்டில் யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்து, அடுத்து என்ன செய்கிறீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். அவருக்கு ஜாவா தெரியவேண்டியதில்லை, முறைத்துப் பார்த்தால் போதும்! ஐடிஇ எடுத்துக்கொடுக்கும் வசதி இல்லாத வெறும் எடிட்டரிலேயே எழுதிப் பழகுங்கள். பல நிறுவனங்கள் ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து மறுபடி விண்ணப்பிக்க விடுகின்றன. எவ்வளவு நாள் என்று ரிஜெக்ட் மெயில் அனுப்பிய ஹெச்ஆரிடமே கேட்டுவிடுங்கள், தவறாக நினைக்கமாட்டார்கள்.