பின்னல் வேலைக்கு எத்தனை மணி நேரம்?

நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வன்னி வெயிலில் வயல் செய்து பழகிய குடும்பத்திற்கு இந்தக் குளிர் லேசானதல்ல. 1977, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிக் காணியாக்கியவர்களில் சிலர், யுத்தத்தில் அதையும் இழந்து உறவினரின் லயத்துக்கே திரும்பினார்கள். 2025 நவம்பர் இறுதியில் வீசிய திட்வா புயலின் மண்சரிவு, மலையகத்தில் இன்னும் பல குடும்பங்களை வீட்டையும் மரக்கறிப் பாத்தியையும் விட்டு வெளியேற வைத்தது. காணி இல்லாத பெண்ணுக்கு வருமானம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது தையலும் பின்னலும்தான்.

பின்னல் நல்ல தொழில். இரண்டு ஊசியும் ஒரு பந்து நூலும் இருந்தால் தொடங்கலாம். மறுபடி இடம்பெயர நேர்ந்தாலும் பையில் போட்டுக்கொண்டு போகலாம். வயலை அப்படித் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆனால் இதைக் கற்றுக்கொடுக்கிறவர்கள் வழக்கமாக ஒரு வார்த்தை சொல்வார்கள்: "ஓய்வு நேரத்தில் செய்யலாம்." இந்தப் பாடத்தில் அந்த வார்த்தையைத்தான் சோதித்துப் பார்க்கப் போகிறோம்.

கொழுந்து பறிக்கப் போகும் ஒரு தாயின் நாளை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்ட வேண்டும். பீலியில் தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு, சிறியதைப் பிள்ளை மடுவத்தில் விட்டு, மலைக்கு ஏற வேண்டும். மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பினால் விறகு, சமையல், துணி. இதில் ஓய்வு நேரம் எங்கே இருக்கிறது? பின்னலுக்கு என்று எடுக்கும் நேரம் நித்திரையிலிருந்து வரும், அல்லது மூத்த மகளின் படிப்பிலிருந்து வரும். அதனால் முதலில் நேரத்தை எண்ண வேண்டும்.

எண்ணுவது கடினமல்ல. ஒரு சாதாரணத் தொப்பிக்குச் சுமார் 80 கண்ணி, 50 வரிசை. மொத்தம் 4,000 கண்ணி. பழகிய கை நிமிடத்துக்கு 20 கண்ணி பின்னினால் 200 நிமிடம், ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். ஐந்து வயதுப் பிள்ளையின் ஸ்வெட்டர், கையும் கழுத்தும் சேர்த்து, 25,000 கண்ணியைத் தொடும். அது 21 மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் கிடைத்தால் மூன்று வாரம்.

இப்போது பணம். விளக்கத்துக்காக ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். தொப்பி 600 ரூபாவுக்கு விற்று, நூலுக்கு 250 போனால் மீதி 350. மணிக்கு 100 ரூபா. ஸ்வெட்டர் 2,500க்கு விற்று, நூலுக்கு 1,500 போனால் மீதி 1,000. மணிக்கு 48 ரூபாகூட இல்லை. உங்கள் ஊர் விலைகளை இதில் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள். பெரிய உருப்படிதான் பெரிய இலாபம் என்ற எண்ணம் பல வீடுகளில் இருக்கிறது. கணக்கு வேறு சொல்லலாம். தவிரவும், நுவரெலியா டவுனில் ஏற்றுமதியில் மிஞ்சிய குளிர் உடைகள் குவித்து விற்கப்படுகின்றன. இயந்திரம் பின்னிய ஸ்வெட்டரோடு கை போட்டியிட முடியாது என்பதே என் அபிப்பிராயம். சொந்தப் பிள்ளைக்குப் பின்னுங்கள், அது வேறு விடயம். விற்பதற்குத் தொப்பி, கழுத்துப் பட்டி, குழந்தைக் காலுறை போன்றவையே நல்லது.

காலமும் பார்க்க வேண்டும். சிவனொளிபாதமலை யாத்திரை டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் வரை நடக்கும். இரவில் மலை ஏறுகிறவர்கள் மஸ்கெலியா, நல்லதண்ணிப் பக்கத்தில் தொப்பி வாங்குவார்கள். ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்த கால நெரிசல். ஆகவே செப்டெம்பர் முதலே சிறிது சிறிதாகப் பின்னிச் சேர்த்தால், நவம்பரில் இரவிரவாக விழித்திருக்கத் தேவையில்லை. சேர்த்ததை அடுப்புப் புகை எட்டாத இடத்தில், பையில் கட்டி வையுங்கள். புகை மணம் ஏறிய கம்பளியை யாரும் வாங்க மாட்டார்கள். கொழுந்துக் கறை படிந்த விரலோடு வெள்ளை நூலையும் எடுக்க வேண்டாம்.

வேலையை நேரத்துக்கு ஏற்றபடி பிரிப்பதும் ஒரு வித்தை. எண்ணிப் பின்னும் பூ வேலை ஞாயிறு பகலுக்கு. ஒரே மாதிரிப் போகும் வேலை, பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருக்கும் மாலைக்கு. மங்கிய பல்பின் கீழ் கறுப்பு நூல் வேண்டவே வேண்டாம். பாதி வரிசையில் எழும்பாமல், வரிசை முடித்து எழும்பினால் கண்ணி நழுவாது. குழந்தை அழுதால் இந்த விதி செல்லாது என்பது தாய்மாருக்குத் தெரியும்.

கைவேலையால் பெண்கள் உயர்ந்த கதையும் உண்டு, ஏமாந்த கதையும் உண்டு. 1820களில் நாகர்கோவிலில் இலண்டன் மிஷன் பாடசாலையில் திருமதி மோல்ட் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அப்போது அடிமை முறை இருந்தது. சட்டப்படி அது ஒழிந்தது 1855இல்தான். லேஸ் விற்ற காசைச் சேர்த்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே வாங்கிய பெண்கள் அங்கே இருந்தார்கள். கூலி அவர்கள் கைக்கு வந்ததால்தான் அது நடந்தது. மோல்ட்டின் மகள் எலைசா கால்டுவெல் அதே வேலையை இடையன்குடிக்குக் கொண்டுபோனார்.

ஆந்திராவின் நர்சாபூரில் கதை வேறு. அங்கே வீட்டிலிருந்து லேஸ் பின்னிய பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்ற ஜேர்மன் ஆய்வாளர் 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். வீட்டு வேலைக்கு மேலாக நாளுக்குப் பல மணி நேரம் பின்னியும், வயலில் கூலிக்குப் போனவர்களைவிடக் குறைவாகவே அவர்களுக்குக் கிடைத்தது. காரணம், "வீட்டிலிருக்கும் பெண் பொழுதுபோக்காகச் செய்வது" என்று எல்லாரும் சொன்னார்கள். பின்னியவர்களும் அதை நம்பினார்கள். லேஸ் கடல் கடந்து போயிற்று, இலாபம் வியாபாரிகளிடம் தங்கிவிட்டது.

நம் தோட்டங்களிலும் மனைவியின் சம்பளத்தைக் கணவன் போய் வாங்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. பின்னல் காசுக்கும் அதே வழி வர விடக்கூடாது. குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு பங்கு, நாலில் ஒன்றாவது, உங்கள் பெயரிலுள்ள வங்கிப் புத்தகத்திலோ நம்பிக்கையான சீட்டிலோ போகட்டும். எதற்காக என்றும் எழுதி வையுங்கள்: தையல் மெசின், விட்ட சாதாரண தரப் பரீட்சையை மறுபடி எழுதுவது, குத்தகைக்கு ஒரு துண்டு மரக்கறி நிலம். பெயரில்லாத சேமிப்பு அடுத்த கடனுக்கே போய்விடும்.

நேரத்தையும் அப்படியே வீட்டாரிடம் கேட்டு வாங்க வேண்டும். நீங்கள் பின்னும் அந்த ஒரு மணி நேரத்தில் தண்ணீர் பிடிப்பது யார், இரவுச் சோற்றை வடிப்பது யார் என்பதைக் கணவனோடும் மகன்மாரோடும் பேசி முடிவு செய்யுங்கள். மகள் மட்டும் அந்தப் பாரத்தைச் சுமந்தால், பின்னல் வருமானத்தின் விலை அவளுடைய படிப்பு. அவள் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டால் விடுமுறையில் கற்றுக்கொள்ளட்டும்.

குழுவாகச் செய்து பார்க்க:

ஒரு வாரம், ஒரு பழைய கொப்பியில், ஊசியை எடுத்த நேரத்தையும் வைத்த நேரத்தையும் குறியுங்கள். எழுதத் தெரியாதவர்கள் தீக்குச்சி போட்டு எண்ணலாம். அடுத்த கூட்டத்துக்கு அதையும், முடித்த உருப்படியையும், நூல் வாங்கிய துண்டையும் கொண்டு வாருங்கள். மணிக்கு எவ்வளவு வந்தது என்று ஒவ்வொருவரும் சொன்ன பிறகு, இந்த இரண்டு கேள்விகளையும் பேசுங்கள். அந்த வாரம் உங்கள் வீட்டில் யாருடைய நித்திரை குறைந்தது? குழு முழுவதும் சேர்ந்து ஒரே விலை சொன்னால், கடைக்காரர் என்ன சொல்வார்?